தண்ணியில்லாக் காட்டில் மரம் தேடாதீர்கள்

“தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிருவேன்!” தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் காவல் நிலையங்களிலும் தலைமுறைகளாகப் புழங்கும் மிரட்டல் இது. வேறு மொழிக்கு இதைக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். காடு என்றதும் மரம் அடர்ந்த வனத்தைப் போட்டுவிடுகிறார்கள். படிக்கிறவனுக்கோ தண்ணீரே இல்லாமல் வனம் எப்படி வளரும் என்ற குழப்பம். திரைப்படத்தின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு வசனம் இதனால்தான் காட்சியோடு ஒட்டாமல் நிற்கிறது.

இங்கே காடு வனம் அல்ல. ஆளரவமற்ற தொலைதூர இடத்துக்குத் தமிழில் இருக்கும் வழக்குச் சொற்களை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்தக் ‘காடு’ என்ற ஒரு சொல்லைச் சுற்றியே நிற்கும். முதலில் இதைத் தீர்த்துக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

கொங்குப் பக்கம் நிலத்தை மூன்றாகச் சொல்வார்கள். வாய்க்கால் பாய்வது வயல், கிணற்றுத் தண்ணீர் பாய்வது தோட்டம், மழையை மட்டும் நம்பியிருப்பது காடு. “காட்டுல சோளம் வெதைச்சிருக்கு” என்று ஒரு பாட்டி சொன்னால் அவர் வனத்துக்குள் போய் விதைக்கவில்லை. மானாவாரி நிலத்தைச் சொல்கிறார். கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காடு, பருத்திக்காடு. காவிரிப் படுகையில்கூட வயக்காடு உண்டு. ‘காடு கரையை வித்துப் படிக்க வெச்சாங்க’ என்பதில் காடு சொத்து. சுடுகாடு, இடுகாடு என்பவற்றில் அது ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடம். ‘ஊரே வெள்ளக்காடு’ என்று மழைக்காலத்தில் நாளிதழ் தலைப்புப் போடும்போது வெறும் பரப்பு, கண்ணுக்கு எட்டியவரை ஒரே பொருள். எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: வீடுகள் முடிந்த பிறகு தொடங்கும் வெளி.

ஒரு எச்சரிக்கை. சாக்காடு, நோக்காடு, வேக்காடு ஆகியவற்றின் காடு இடப்பெயரே அல்ல. வினையிலிருந்து பெயர் உண்டாக்கும் விகுதி. இவற்றையும் இடச் சொற்களோடு சேர்த்துப் பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சேர்க்கக் கூடாது.

ஆக, தண்ணியில்லாக் காடு என்றால் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் கிடைக்காத வெட்டவெளி ஊர். வறண்டு போன நிலத்தைப் பற்றிய இந்த எண்ணம் நமக்குப் பழையது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்கிறதே, அதே நிலத்தைத்தான் ஒரு மேலதிகாரி கோபத்தில் இரண்டு சொல்லில் சொல்லிவிடுகிறார்.

இனி, இந்தச் சொற்றொடர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். மூன்று உறுப்புகள். முதலில் அங்கே இல்லாத ஒன்று (தண்ணி, கண், பஸ்). நடுவில் எதிர்மறைப் பெயரெச்சம் (இல்லா, காணா, போகா). கடைசியில் இடத்தைக் குறிக்கும் பெயர் (காடு, சீமை, ஊர், மூலை). தண்ணி + இல்லா + காடு. கண் + காணா + சீமை. பஸ் + போகாத + ஊர். தொலைவைத் தமிழ் மைல் கணக்கில் சொல்வதில்லை, எது இல்லை என்பதைக் கொண்டு சொல்கிறது. அந்த ‘இல்லாதது’ பேசுகிறவருக்கு மிகவும் தேவைப்படுகிற ஒன்றாக இருக்கும். எனவே எழுதும்போது இடம் எவ்வளவு தூரம் என்று யோசிக்க வேண்டாம். பேசுகிறவர் எதை இழக்கிறார் என்று யோசித்தால் சரியான சொல் தானாக வந்து விழும்.

எழுத்துப் பிழை நிறைய வருவதும் இங்கேதான். ‘தண்ணியில்லாக் காடு’ என்றால் நடுவில் க் வரும். ‘தண்ணியில்லாத காடு’ என்றால் வராது. முதலாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதன் பின் வல்லினம் மிகும். இரண்டாவதில் ஈறு கெடவில்லை, அதனால் மிகாது. கண்காணாச் சீமை, கண்காணாத சீமை என்பதற்கும் இதே கணக்கு. ‘தண்ணியில்லாதக் காடு’ என்று இரண்டையும் கலந்து எழுதுவது இணையத்தில் பரவலாக இருக்கிறது; தவறு. இன்னொன்று, இங்கே ‘தண்ணி’யைத் திருத்தி ‘தண்ணீர்’ ஆக்கினால் சொற்றொடர் செத்துவிடும். “உன்னைத் தண்ணீரற்ற காட்டிற்குப் பணியிட மாற்றம் செய்வேன்” என்று எந்த ஆய்வாளரும் மிரட்ட மாட்டார்.

வினைச்சொல்லும் பொருந்த வேண்டும். தண்ணியில்லாக் காட்டுக்கு ‘தூக்கியடிப்பார்கள்’, ‘மாத்துவார்கள்’, ‘தூக்கிப் போடுவார்கள்’. எப்போதும் ஒருவர் இன்னொருவரைச் செய்வதுதான். யாரும் தாமாகத் தண்ணியில்லாக் காட்டுக்குச் சுற்றுலா போவதில்லை. மேலிருந்து கீழ்நோக்கி அதிகாரம் பாயாத இடத்தில் இந்தச் சொல் பொருந்தாது. கல்லூரி நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போன இடத்தை வர்ணிக்க இதைப் போட்டால் காதில் இடறும்.

இந்தச் சொல்லின் நிழல் விழுந்த மாவட்டம் ராமநாதபுரம். தண்டனை மாற்றல் என்றாலே அந்தப் பெயரை நினைக்கும் வழக்கம் அலுவலர்களிடம் ஊறிப்போனது. 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கிய மாவட்டம். 1985-ல் அது மூன்றாகப் பிரிந்தது. வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பிய நிலம், அதனால் வறட்சி வந்தால் பலமாக அடிக்கும். ஆனால் அந்த மாவட்டத்துக்காரர்கள் சொல்லும் இன்னொரு தொடரையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’. ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றிய சொல் அது. 48 மடைகள் கொண்ட அந்தக் கண்மாயை ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாது என்று பொருள். தண்ணியில்லாக் காடு என்று வெளியூர்க்காரர் பெயர் வைத்த மண்ணில் உள்ளூர்க்காரர் தண்ணீரை அளக்க ஒரு பறவையை வைத்திருக்கிறார். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயும் அந்த மண்ணின் விளைச்சல்தான். ராமநாதபுரத்தைச் சொல்லாமல் சொல்வதற்காக ஒரு கதையில் இந்தத் தொடரைப் பயன்படுத்துகிறவர், அந்த ஊர்க்காரர் ஒருவர் அதை எப்படிக் கேட்பார் என்பதையும் எண்ணிப் பார்த்து எழுதுவது நல்லது.

வடக்கே இதே மிரட்டலுக்குக் காலாபாணி என்பார்கள், கறுப்புத் தண்ணீர். அந்தமானுக்குக் கப்பலேற்றிய நாட்களின் மிச்சம். செல்லுலர் சிறை கட்டி முடிந்தது 1906-ல். அவர்கள் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள், நாம் தண்ணீர் இல்லாததைக் காட்டி.

மலையாளத்தில் உள்ள சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஓணங்கேறாமூல, அதாவது ஓணம் ஏறி வராத மூலை. நம்முடைய அதே மூன்று உறுப்புக் கட்டுமானம்: ஓணம் + கேறா + மூல. ஓணத்தன்று மக்களைப் பார்க்க வரும் மாவேலி மன்னனே எட்டிப் பார்க்காத அளவுக்குப் பின்தங்கிய ஊர் என்று பொருள். தமிழில் ‘பொங்கல் வராத ஊர்’ என்று யாரும் சொல்வதில்லை. நமக்கு முதலில் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது அத்துவானக் காடு. தண்ணியில்லாக் காட்டோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அத்துவானக் காட்டில் தண்ணீர் இருக்கலாம், மரம்கூட இருக்கலாம். மனிதர் இல்லை, கேட்க நாதியில்லை, அதுதான் குறை. “ராத்திரி பதினொரு மணிக்கு அத்துவானக் காட்டுல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான்”, “அத்துவானத்துல வண்டி நின்னுபோச்சு”. இறக்கிவிடுதல், மாட்டிக்கொள்ளுதல், நின்றுபோதல் என்ற வினைகளோடுதான் இது வரும். ஒரு நாள் அல்லது ஒரு இரவு நீடிக்கும் தவிப்புக்கு உரிய சொல். ஒருவர் மூன்று ஆண்டு வேலை பார்க்கப் போகும் இடத்துக்கு இதைச் சொன்னால் அது கொஞ்சம் மிகைப்படுத்தல். புலம்பலில் மட்டும் ஏற்கலாம். தெலுங்கில் அத்வான்னம் என்ற சொல் இப்போது ‘படுமோசம்’ என்ற பொருளில் வழங்குகிறது. ரோடு அத்வான்னம், சாப்பாடு அத்வான்னம் என்பார்கள். தெலுங்கு பேசும் நண்பரிடம் தமிழ்ப் பொருளில் பேசினால் ஆள் இல்லாத இடம் அவர் காதில் மோசமான இடமாகப் போய்ச் சேரும்.

பொட்டல், பொட்டல்காடு: இதில் குறைவது நிழல். புல் பூண்டு இல்லாமல் வெயில் நேராக அடிக்கும் திடல். பொட்டல் ஊருக்கு நடுவில்கூட இருக்கலாம், பொருட்காட்சி போடுகிற மைதானத்தைப் பொட்டல் என்பார்கள். எனவே தொலைவைச் சொல்ல இது மட்டும் போதாது.

தேரிக்காடு என்பதை வழக்குச் சொல்லாக நினைத்து எங்கும் வீசக் கூடாது. அது தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரையோரத்துச் செம்மணல் மேடுகளுக்கு உரிய பெயர், திருச்செந்தூருக்குப் பக்கத்துக் குதிரைமொழித் தேரி போல. தர்மபுரியில் நடக்கும் கதையில் தேரிக்காடு வந்தால் நெல்லைக்காரர் அத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்.

ஈ காக்கா இல்லை, காக்கா குருவி கூட இல்லை என்பவை இடத்தின் பெயர்கள் அல்ல. அந்த நேரத்து நிலவரம். முழு அடைப்பு அன்று அண்ணா சாலையிலும் ஈ காக்கா இருக்காது. ‘ஈ காக்கா இல்லாத ஊரில் அவர் பிறந்தார்’ என்று எழுதினால் பிழை. ‘போய்ப் பார்த்தா ஈ காக்கா இல்ல’ என்பது சரி. இதைப் போலவே இடறுவது ‘போகாத ஊருக்கு வழி’. தொலைவான ஊரைச் சொல்வது போல இருந்தாலும், நடக்காத காரியத்துக்கு யோசனை சொல்வதைத்தான் அது குறிக்கும்.

கண்காணாத சீமை, கண்காணாத ஊர், கண்காணாத இடம் மூன்றும் உணர்ச்சி கனத்த சொற்கள். இங்கே இழப்பு பார்வை. யாருடைய பார்வை என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்த தாய், “கண்காணாத ஊர்ல குடுத்துட்டு இப்ப அழுது என்ன செய்ய” என்றால் ஆற்றாமை. கடன்காரருக்குப் பயந்தவன், “கண்காணாத எடத்துக்குப் போயிடலாம்” என்றால் அதே சொல் விடுதலை. சீமை முதலில் எல்லையைக் குறித்து, பிறகு கடல் கடந்த நாட்டைக் குறிக்கத் தொடங்கிய சொல். சீமைக் கருவேலம், சீமையெண்ணெய் என்பவை அப்படி வந்தவை. அதனால் பக்கத்து மாவட்டத்தைக் கண்காணாத சீமை என்றால் மிகை தெரியும். கண்காணாத ஊர் என்று குறைத்துக்கொள்ளலாம்.

கோடி என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தெருக்கோடி, ஊர்க்கோடி, கடைக்கோடி என்பவற்றில் கோடி என்றால் முனை. தனுஷ்கோடி வில்லின் முனை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். கோடியக்கரையும் அப்படித்தான், நிலம் முடியும் கரை. ‘கடைக்கோடி கிராமம்’ என்பது மேடைப் பேச்சிலும் நாளிதழிலும் மரியாதையாகச் சொல்லும் சொல், இழிவு இல்லை. திட்டம் கடைக்கோடி மனிதனுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பார்கள்.

மரியாதை இல்லாதது பட்டிக்காடு. பட்டி என்பது ஆட்டையும் மாட்டையும் அடைக்கும் இடம், பிறகு சிற்றூர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, கோவில்பட்டி என்று பெரிய ஊர்கள் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கின்றன. பட்டிக்காட்டில் குறைவது தூரமோ தண்ணீரோ அல்ல; ‘நாகரிகம்’ என்று நகரத்தார் நினைக்கும் ஒன்று. அதனால்தான் இது மட்டும் இடத்திலிருந்து நழுவி ஆளின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது: பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி. தண்ணியில்லாக் காட்டான் என்று ஒருவரும் சொல்வதில்லை பாருங்கள். பட்டிக்காடு, காட்டான் ஆகியவற்றைக் கதாபாத்திரத்தின் வாயில் வைக்கலாம், அது அந்தப் பாத்திரத்தைக் காட்டும். கதை சொல்கிறவரின் சொந்தக் குரலில் வந்தால் எழுதியவரைக் காட்டும். அதை நான் தவிர்க்கவே சொல்வேன்.

குக்கிராமம் நாளிதழ்ச் சொல், அரசாணைச் சொல். பேச்சில் அரிது. ஊரக வளர்ச்சித் துறைக் கணக்கில் குக்கிராமம் என்பது ஊராட்சிக்குள் அடங்கிய ஒரு குடியிருப்பு மட்டுமே. 12,525 ஊராட்சிகள் என்று நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கில் குக்கிராமங்கள் 79 ஆயிரத்துக்கும் மேல். நான்குவழிச் சாலையை ஒட்டியும் குக்கிராமம் இருக்கும். ஆகவே அரசுக் குறிப்பில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘ஒதுக்குப்புறமான ஊர்’ என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். ஒதுக்குப்புறம் வேறு: ஊரை ஒட்டி, ஆனால் கண்ணுக்கு மறைவாக இருக்கும் இடம். குற்றச் செய்திகளில் அதிகம் வருவதும் அதனால்தான். சென்னையில் ‘அவுட்டர்’ என்பார்கள். ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டி காத்துக் கிடக்கும் சிக்னலின் பெயர், ஊரின் விளிம்புக்கு ஆகிவந்தது.

உண்மையிலேயே போய்ச் சேரக் கடினமான ஊர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலையில் இருக்கின்றன. தேர்தல் வந்தால் செய்தியில் பார்க்கலாம். நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுபோயிருக்கிறார்கள், தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குக் கழுதை மேல் ஏற்றி. கொடைக்கானல் பக்கத்து வெள்ளகவிக்கு நடந்தே போவது வழக்கம். இவற்றை யாரும் தண்ணியில்லாக் காடு என்பதில்லை. சுனை இருக்கிறது, ஓடை இருக்கிறது. மலைக்கிராமம் என்று சொல்லி, பின்னால் ‘வண்டி போகாது’ என்று சேர்ப்பார்கள். அந்த ஒரு வாக்கியம் பத்து உவமையைவிடப் பலமானது.

சமவெளியில் அளவுகோல் பேருந்து. “பஸ்ஸே போகாத ஊர்” என்பது பொதுச் சொல். உயிர் வேண்டுமானால் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்: “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதையும் விட்டா நடைதான்”. 1997-க்குப் பிறகு மினி பஸ் வந்ததும் பல ஊர்கள் இந்தச் சொல்லிலிருந்து விடுபட்டன. எனவே 1990-ல் நடக்கும் கதையில் மினி பஸ் வரக் கூடாது. கடைசி நடைக்கு வந்து இரவு அங்கேயே தங்கி விடிகாலையில் கிளம்பும் பஸ் இருக்கிற ஊரை ‘நைட் ஹால்ட் ஊர்’ என்பார்கள் போக்குவரத்துக் கழகத்தார். ஒரு கண்டக்டர் வாயில் அது இயல்பாக வரும், பயணி வாயில் வராது.

இல்லாதது என்ன என்பது காலத்தோடு மாறிக்கொண்டே வருகிறது. ‘கரண்ட் இல்லாத ஊர்’ என்பது வழக்கொழிந்துகொண்டிருக்கிறது. அதன் இடத்தில் டவர் கிடைக்காத ஊர், மேப்பில் காட்டாத ஊர், ஸ்விக்கி வராத ஏரியா. கட்டுமானம் அதே மூன்று உறுப்புதான். பாத்திரத்தின் வயதைச் சொல்லாமலே காட்ட இது வசதி: அறுபது வயதுக்காரர் பஸ் போகாத ஊர் என்பார், அவர் பேத்தி டவர் இல்லாத ஊர் என்பாள், இருவரும் சொல்வது ஒரே ஊராக இருக்கும்.

கிறித்தவக் குடும்பங்களின் பேச்சில் வனாந்தரம் வரும். தமிழ் விவிலியத்தில் வனாந்தரம் என்றால் பாலைவனம் போன்ற வெறுநிலம், மரக்காடு அல்ல. காட்டில் சறுக்கிய அதே சறுக்கல் இங்கேயும் காத்திருக்கிறது.

இலங்கையில் இந்த எண்ணத்துக்கு அரசாங்கச் சொல்லே உண்டு. பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்துவார்கள். ஆசிரியர் இடமாற்றப் பேச்சில் இந்த இரண்டு சொல்லும் அன்றாடம் அடிபடும். “அதிகஷ்டத்தில மூண்டு வருசம் செய்தவர்” என்றால் யாழ்ப்பாணத்தில் விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு அது வெறும் துன்பமாகக் கேட்கும், எனவே முதல் முறை வரும்போது பாடசாலையையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘உலு’. மலாய் மொழியில் ஆற்றின் மேற்பகுதி, தலைப்பகுதி என்று பொருள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் நகரம், மேலே போகப் போகக் காடு. அதனால் உலு என்றால் ஒதுங்கிய ஊர். உலு சிலாங்கூர், உலு லங்காட் என்று ஊர்ப்பெயரிலும் நிற்கிறது. “வீடு ரொம்ப உலுவா இருக்கு” என்பது அங்கே சாதாரணத் தமிழ். அதைக் குக்கிராமம் என்று மாற்றக் கூடாது, ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டிய அடுக்குமாடி வீட்டையும் அவர்கள் உலு என்பார்கள். உலு பாண்டான் இன்று சிங்கப்பூரில் மக்கள் குடியிருக்கும் ஒரு பகுதி, பெயரில் மட்டும் பழைய தொலைவு.

ஜெர்மன்காரர் ஒருவரைத் தொலைந்து போகச் சொல்லும்போது, ‘மிளகு விளைகிற இடத்துக்குப் போ’ என்பார். சுவீடனிலும் அதே வசவு. கப்பலில் மாதக்கணக்கில் போனாலும் எட்டாத, போனவர் திரும்பாத தூரமாக அவர்களுக்குத் தெரிந்தது மலபார்க் கரையும் அதைத் தாண்டிய தீவுகளும். நமக்கு மிளகு விளைகிற இடம் என்றால் இடுக்கி, வயநாடு, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற கொல்லிமலை. அங்கே சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏற்றி மிளகு பறிக்கிறவருக்கு அது காட்டு வேலை, பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு நடக்கிற தூரம்.